பச்சையாக நின்ற வாபில்லா

மார்ச் மாதத்தில் வாபில்லாச் செடி பச்சையாக இருக்கக் கூடாது. ஆடு மேய்க்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மழைக்காலத்தில் பச்சை, நவம்பரில் இறந்தோர் திருநாள் கழிந்ததும் இலை நுனியில் லேசான ரோஜா நிறம், வெயில் முற்ற முற்ற மலைச்சரிவு முழுக்கச் செங்கல் சிவப்பு. ஓதிலியாவின் ஆடுகள் மேய்ந்த சரிவும் அப்படித்தான் இருந்தது, ஒரே ஒரு செடியைத் தவிர.

அது ஓடைப் பள்ளத்தின் விளிம்பில், நேற்றுத்தான் மழை பெய்ததுபோல நின்றது. வேறு செடியோ என்று கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள். மகேக் கற்றாழையாக இருந்தால் நுனியில் ஊசி நிற்கும். இதில் இலையின் இரண்டு ஓரமும் கொக்கி முள். உள்ளே போகிற கையை விட்டுவிட்டு வெளியே வருகிற கையைப் பிடித்துக்கொள்ளும் முள். இலையின் அடிப்பக்கம் சாம்பல் பூசிய வெளுப்பு. வாபில்லாதான், சந்தேகமே இல்லை. சுற்றிலும் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்க, வாசம் மட்டும் வெள்ளம் வடிந்த சேற்றின் வாசமாக இருந்தது. ஆடுகள் ஒன்றுகூடப் பக்கத்தில் வரவில்லை.

அந்த வாசம் அவளுக்குத் தெரியும். ஆகஸ்டில், வெள்ளத்தில் தொலைந்த ஆட்டைத் தேடி அவள் புருஷன் எவாரிஸ்தோ இந்தப் பள்ளத்தில்தான் இறங்கினான். ஆடு திரும்பி வந்தது. அவன் வரவில்லை. எவளோ ஒருத்தியோடு ஓஹாக்கா நகரத்து பஸ்ஸில் ஏறியதைப் பார்த்ததாக ஒருவன் சத்தியம் செய்தான். ஓதிலியா அந்தப் பொய்யை இறுகப் பிடித்துக்கொண்டாள். எவளோடு இருந்தால் என்ன, உயிரோடு இருக்கிறானே. வாபில்லா நாரைத் திரித்து அவன் பின்னிய கயிற்றுக் கட்டிலில், அவன் பக்கத்தை விட்டுவிட்டுத்தான் தினமும் ஒடுங்கிப் படுத்தாள்.

சாயங்காலம் நாத்தனார் சேனாய்தாவிடம் செடியைப் பற்றிச் சொன்னாள். சேனாய்தா சோள ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, நிமிராமல் பேசினாள்.

"கீழ செத்தது எதாச்சும் கெடந்தா அப்படி நிக்கும். உனக்குத் தெரியாதாக்கும்?"

"ஊத்து எதாச்சும் இருக்கும் மதினி."

"ஆமா, இத்தன வருஷமா இல்லாத ஊத்து உம் மூஞ்சியப் பாத்துப் பொங்கிருச்சு! ஏண்டி, திருநாளுக்கு என் தம்பிக்கு ஒரு செண்டுமல்லி போட்டியா? வாசல்லேர்ந்து பூவுல பாதை போட்டாத்தானே செத்தவனுக்கு வீடு தெரியும்?"

"அது செத்தவங்களுக்கு. அவரு செத்தத யாரு கண்டா? வருவாரு. அவராவே வீடு வந்து சேருவாரு."

சேனாய்தாவின் கை நின்றது. "அப்ப அவனா ஒரு வழி பாத்துக்க வேண்டியதுதான்" என்றாள். அதில் கிண்டல் இல்லை.

மறுநாள் விளிம்புச் செடி மற்றவற்றைப் போலவே சிவந்திருந்தது. அதற்கு இந்தப் பக்கம், ஊரை நோக்கி, இன்னொன்று பச்சையாக நின்றது. நேற்று பார்த்தது இதுதானோ என்று தன் கண்ணையே திட்டிக்கொண்டாள். அதற்கு அடுத்த நாள் அதுவும் சிவந்து, சரிவின் அடியில் வேறொன்று. அதன் கொக்கிகளில், வெளியே வரும் போக்கில், நீல நூல் சிக்கியிருந்தது. அன்றைக்கு அவன் போட்டிருந்த நீலச் சட்டையை அவள்தான் தைத்தாள். முதலில் வந்தது சந்தோஷம். அதற்குப் பிறகுதான் பயம்.

ஞாயிறு பூசை முடிந்து வந்தபோது அவள் வீட்டு வேலியில் ஒரு செடி பச்சையாக இருந்தது.

கடப்பாரையை எடுத்தாள். வேலி முழுவதும் வாபில்லாதான். அத்தனையையும் பிடுங்கிப் போட்டாள். கை கிழிந்தது, விடவில்லை. வா வா என்று எத்தனையோ மாதம் கூப்பிட்டவள், இப்போது வழியை அடைக்கிறாள்! அழுதுகொண்டே அடைத்தாள். பிடுங்கியதில் நன்றாகச் சிவந்த ஒன்றை வேரை அறுத்து, கெட்டது அண்டாமல் இருக்க ஊரார் தொங்கவிடுவதுபோல, வாசல் நிலைக்கு மேலே கட்டினாள். வேர் இல்லாததற்குள் எது ஏறி வர முடியும்?

பொழுது சாய்ந்தது. விளக்கை ஏற்றிவிட்டு, கதவைத் திறந்தபடியே வைத்து வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள். பட்டியில் ஆடுகள் வாயடைத்து நின்றன. முதலில் அந்தச் சேற்று வாசம் வந்தது.

பிறகு ஒரு சொட்டு.

வாசற்படியில் விழுந்தது. இன்னொன்று. நிமிர்ந்தாள். மேலே தொங்கிய செடியில், அறுத்த இடத்திலிருந்து பச்சை ஏறியது. மெதுவாக. இலை இலையாக. நுனிவரை.

"வேணாம். போயிருங்க... நாளைக்கே பூ போடறேன். போயிருங்க."

பச்சை நின்றது. கேட்டுவிட்டதுபோல, வந்த வழியே வடிந்தது. செடி மறுபடியும் சிவந்து காய்ந்து தொங்கியது. சொட்டும் நின்றுவிட்டது. ஓதிலியா அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டாள். சிலுவை போட்டுக்கொண்டு எழுந்து, கதவைத் தாழிட்டாள். விளக்கோடு திரும்பினாள்.

கட்டிலில் அவள் பக்கத்துக் கயிறு எப்போதும்போல வெளுத்து விறைப்பாக இருந்தது. அவன் பக்கம் பச்சை. ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. ஓர் ஆளின் பாரத்துக்குத் தொய்ந்திருந்தது.