வன்னியம்பட்டியில் வழிந்த எண்ணெய்

திங்கட்கிழமை, காலை ஏழு பத்து. ஸ்கிட் ஸ்டியர் என்கிற குட்டி லோடரின் முன்னால் பூட்டியிருந்த, முள் வெட்டும் பிரஷ் கட்டரின் அடியில், கரிசல் மண் ஓர் அண்டா எண்ணெயைக் குடித்துவிட்டுக் கிடந்தது.

"கட்டர் மோட்டார்ல எண்ணெயை அடைச்சு வைக்கிற சீல் போச்சு" என்றாள் யோகேஸ்வரி. நான்கு வருஷமாக அந்த வண்டியை ஓட்டுகிறவள்.

வண்டியின் சொந்தக்காரர் ராஜபாளையம் பாண்டிதுரை குனிந்து பார்த்தார். எண்ணெய் போய்வரும் தடித்த ஹோஸ் இரண்டும் மாட்டியிருந்தன. மோட்டாருக்குள் கசிகிற எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்புகிற சின்ன ஹோஸ் மட்டும் மாட்டாமல் தொங்கியது.

"மறந்துட்ட, ஏட்டி! பெரிய கட்டர் வாங்கலாம்னேன். நம்ம பம்பு தள்ளுற எண்ணெய்க்கு இதுதான் தோதுன்னு ஒத்தக்கால்ல நின்ன. நாளைக்கு நாப்பது ஏக்கர் முள்ளு வெட்டணும். சாவியைக் குடு, காளிராஜ் ஓட்டட்டும்."

காளிராஜ் அவருடைய மைத்துனன். ராஜபாளையத்தில் பாறை உடைக்கும் பிரேக்கர் ஓட்டுகிறவன். "பொம்பளைக்கு எதுக்கு மச்சான் இரும்போட சகவாசம்?" என்றான்.

வேலை போவதைவிட 'மறந்துட்ட' என்ற சொல்தான் யோகேஸ்வரியைச் சுட்டது. பிளேடு போல்ட்டை முறுக்கிப் பார்க்காமல், கிரீஸ் அடிக்காமல் ஒரு நாளும் வீட்டுக்குப் போனவள் இல்லை அவள்.

"செத்த நேரம் பொறுங்க அண்ணாச்சி. சாவி எங்க போயிரப் போகுது?"

வண்டியை ஒரு சுற்று சுற்றினாள். வேலியோரம் கிடந்த, லோடரில் மாட்டி மண் அள்ளும் பக்கெட்டின் பல்லிடுக்கைச் சுரண்டி, மண்ணைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

ஏழு இருபத்தைந்து. காவல்காரர் இருளப்பசாமியிடம் திரும்பினாள்.

"சனிக்கிழமை நான் எம்புட்டு நேரம் வெட்டுனேன்?"

"எட்டுக்கு ஏறுன தாயி, மூணுக்குத்தான் எறங்குன."

"எறங்கும்போது கீழ எண்ணெய் இருந்துச்சா?"

"சொட்டு இல்ல. நீ போன பொறவு வண்டி நெழல்லதான நான் படுத்துக் கெடந்தேன்!"

"நேத்து?"

"நேத்து ஸ்ரீவில்லிபுத்தூர்ல மவ வீட்டு விசேஷம். பால்கோவா இருக்கு, திங்குதியா?"

"பொறவு திங்கேன். அண்ணாச்சி, மாத்துச் சாவி எங்க இருக்கு?"

"வீட்டுல, டிவி பக்கத்து ஆணியில."

அடுத்தது காளிராஜ்.

"நேத்து இங்கிட்டு வந்தீயளா அண்ணே?"

"நான் ஏன் வாரேன்? விலக்கு ரோட்டுல கட்டுற என் புது வீட்டுக்கு மண்ணு நெரப்பவே நேரம் பத்தல."

"என்ன மண்ணு?"

"செம்மண்ணு. அதுக்கென்ன?"

"ஒங்க பிரேக்கருக்கு எத்தனை ஹோஸ்?"

"ரெண்டு."

சொன்னவனின் பார்வை, தொங்கிய மூன்றாவது ஹோஸுக்குப் போனது.

யோகேஸ்வரி நிமிர்ந்தாள். "சின்ன ஹோஸை மாட்டாம கட்டரைச் சுத்தவிட்டா, கசிஞ்ச எண்ணெய்க்குப் போக்கிடம் இருக்காது. ரெண்டு நிமிசத்துல சீலைத் தள்ளிரும். நான் மறந்திருந்தா சனிக்கிழமை எட்டே காலுக்கே வண்டி படுத்திருக்கும். மூணு மணி வரைக்கும் ஓடிருக்கே, எப்படி? அப்ப மாட்டித்தான் இருந்துச்சு. பொறவு யாரோ கட்டரைக் கழட்டிட்டு பக்கெட் மாட்டிருக்காவ." கைக்குட்டையை விரித்தாள். "இந்தக் காடு பூரா கரிசல். பக்கெட்டு பல்லுல செம்மண்ணு. வேலை முடிச்சு, முன்ன இருந்த மாதிரியே கட்டரைத் திரும்ப மாட்டுனவர், கைப்பழக்கத்துல ரெண்டு ஹோஸோட நிறுத்திட்டாரு. சரியா மாட்டிருக்கான்னு ஒரு சுத்து சுத்தியும் பாத்திருக்காரு. மாத்துச் சாவி எடுக்கக்கூடியவர், ரெண்டு ஹோஸ் பழகுன கை, செம்மண்ணு வேணுங்கிறவர்... காளிராஜ் அண்ணே, நீங்கதான்."

காளிராஜ் பாண்டிதுரை பக்கம் திரும்பினான். "ரெண்டே நிமிசந்தான் மச்சான் சுத்துனேன். எண்ணெய் பீச்சவும் பயந்துட்டேன்."

"பழிய அவ தலையில ஏத்துறதுக்குப் பயம் வரலையாலே?" பாண்டிதுரை கையை நீட்டினார். "ஆணியில இருந்து எடுத்த சாவியைக் குடு."

இதற்குள் யோகேஸ்வரி கட்டரின் பிளேடு சுழலும் தண்டைப் பிடித்து அசைத்துப் பார்த்திருந்தாள். "தண்டுல ஆட்டமே இல்ல. போனது சீல் மட்டுந்தான் அண்ணாச்சி. மதுரையில சொன்னா சாயங்கால பஸ்ஸுல வந்துரும்."

பாண்டிதுரையின் செல்போன் அடித்தது. நாற்பது ஏக்கர்காரர்.

"ஆமாங்க, நாளைக்கு எட்டு மணிக்கு வண்டி நிக்கும். யாரு ஓட்டுதாவளா?" மைத்துனனுக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினார். "யோகேஸ்வரிதான். அந்தக் கட்டர்தான் வேணும்னு பாத்து வாங்க வச்சவளே அவதான்!"

அவள் அதற்குள் ஸ்பேனரோடு கட்டருக்கு அடியில் புகுந்திருந்தாள்.