துவைக்காத சட்டை

கழிப்பறையில் நுரை நின்றுகொண்டிருந்தது. தண்ணீரை இழுத்துவிட்ட பிறகும், யாரோ சோப்பைக் கரைத்து ஊற்றியதுபோல் வெள்ளையாகக் குழியின் ஓரமெல்லாம் ஒட்டிக்கொண்டு கரைய மறுத்தது. முதலில் அவள் பினாயிலைச் சந்தேகப்பட்டாள். பிறகு கணவனை.

அவனுக்கு பேட்டரி தொழிற்சாலையில் வேலை, காட்மியம் தூள் பறக்கும் பகுதியில். அங்கே மருத்துவர் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னதை அவன் சாப்பிட்டபடியே சொல்லியிருந்தான். உடம்புக்குள் போகும் காட்மியத்தைக் கல்லீரல் ஒரு புரதத்துக்குள் பொட்டலம் கட்டி வைக்குமாம். பிரிக்காதவரை பெரிய தொல்லையில்லை. ஆனால் பொட்டலங்கள் மெல்ல மெல்ல ரத்தத்தில் கசியும். புரதத்தை வீணாக்க மனசு வராத சிறுநீரகம் அவற்றை இழுத்துப் பிரிக்கும். விஷம் அங்கேயே குடியேறிவிடும். அப்புறம் சிறுநீரில் புரதம் ஒழுகும், நுரைக்கும்.

"உங்கம்மா மாதிரிதான். பார்சல கண்டா பிரிக்காம இருக்க முடியாது," என்று மகளைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"உங்க டெஸ்ட்ல என்ன வந்துச்சு?" என்றாள் மனைவி.

"ஒண்ணும் இல்லம்மா. சுத்தம்."

பதில் ரொம்ப வேகமாக வந்தது. அன்றிலிருந்து அவன் குளியலறைக் கதவைச் சாத்தும் சத்தத்துக்கெல்லாம் அவள் கை வேலையை நிறுத்தியது. குழாய் சொட்டுவதையும் அவன் இருமுவதையும் சுவரோடு சுவராக நின்று கேட்டாள். மறைக்கிறான் என்றே நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை அவன் தம்பி வீட்டுக்குப் போனான். மறுநாள் வெளிச்சம் மங்கும் நேரத்தில் அவள் கழிப்பறை விளக்கைப் போட்டாள்.

நுரை.

அவன் ஊரில் இல்லை. அவள் மதியத்திலிருந்து உள்ளே வரவில்லை.

மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, அப்பாவுக்கு நைட் ஷிப்ட் என்றால் தூங்காமல் அழுவாள். அழுக்குக் கூடையிலிருந்து அவன் வேலைச் சட்டையை எடுத்துக் குழந்தையின் பக்கத்தில் போட்டது அம்மாவான அவள்தான். அழுகை உடனே நின்றது. சட்டை கிழிந்தால் இன்னொன்று வந்தது. இப்போது மகள் பள்ளிக்கூடம் போகிறாள். பழக்கம் மட்டும் போகவில்லை. "துவைச்சிடாதம்மா, அப்பா வாசம் போயிடும்." அவளும் துவைக்கவில்லை.

கூடையின் அடியில் எப்போதும் ஒரு பழுப்புத் தூள் கிடக்கும். தட்டிக் கொட்டிவிடுவாள்.

மகளின் அறைக்கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஒரு சத்தம். ஈரமான, சின்னச் சத்தம்.

கட்டிலில் சட்டை. சட்டைக்குள் சுருண்டு மகள். தூக்கம்.

அவள் சட்டையைப் பிடித்து மெல்ல இழுத்தாள். வரவில்லை. தூக்கத்திலேயே சின்ன விரல்கள் இறுகின. ஜன்னல் வெளிச்சத்தில் பழுப்பாக ஏதோ எழும்பி, மெதுவாகக் குழந்தையின் முகத்தில் இறங்கியது.

காலர் மகளின் வாய்க்குள் இருந்தது. நூல் நூலாக. நனைந்து.

வாய் சப்பிக்கொண்டே இருந்தது.