ஸபாத்தின் மூட்டை

இந்தக் காலத்தில் யாருமே தங்கள் பேரை ஒழுங்காகச் சொல்வதில்லை. காதில் போனை வைத்துக்கொண்டே வருகிறார்கள். போனிடம் பாதி, நம்மிடம் பாதி பேசுகிறார்கள். துணி மாறிப் போனால் மட்டும் இஸ்திரிக்காரன்மேல் பாய்கிறார்கள்!

மைசூரில் ஒரு மரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அய்யாவுவின் நினைப்பு இது. அன்று காலை அதைத் தெருவே கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தார்.

"முப்பது வருசமா தேய்க்கிறேன். ஒரு கைக்குட்டை காணாமப் போனதுண்டா? நீயே சொல்லு, மஞ்சுநாத்து!"

எதிரே இளநீர் சீவிக்கொண்டிருந்த மஞ்சுநாத், "இல்ல, இல்ல" என்று தலையாட்டினார்.

வண்டியின் முன்னால் நெட்டையாக ஓர் இளைஞன் நின்றான். எத்தியோப்பியாவிலிருந்து படிக்க வந்த தவித். பதினோரு மணிக்கு அவனுக்குப் பட்டமளிப்பு விழா. அம்மா ஊரிலிருந்து அனுப்பிய வெள்ளை உடையைப் போட்டுக்கொண்டு பட்டம் வாங்க வேண்டும் என்பது அவன் ஆசை. இப்போது மணி பத்து. உடை இருந்த மூட்டையைக் காணோம்.

"நன்ன பட்டே எல்லி, அஜ்ஜா?" தனக்குத் தெரிந்த கன்னடத்தில் அதையே திரும்பத் திரும்பக் கேட்டான். கண் கலங்கியிருந்தது.

"துணி எங்கன்னு என்னைக் கேட்டா? உன் கூட்டாளி நேத்தே உன் பேரைச் சொல்லி வாங்கிட்டுப் போயிட்டான். திருட்டுப் பய!"

அம்மாவின் சேலையைத் தேய்க்கக் கொண்டுவந்திருந்த காவேரி அப்படியே நின்றுவிட்டாள். அவளுக்குப் பத்து வயது. யாரையாவது சும்மா திருடன் என்று சொன்னால் அவளுக்கு மூக்கு சிவந்துவிடும்.

"திருடன்னு எப்படித் தெரியும் தாத்தா? அவர் என்ன பேர் சொன்னார்?"

"இவன் பேரைத்தான். ஸபாத்து!"

தவித் விழித்தான். "ஸபாத்? நானு தவித்!"

"பாத்தியா அம்மணி! நாளுக்கு ஒரு பேரு! துணி போட்ட அன்னிக்கே 'ஹெசரேனு', பேரென்னன்னு கேட்டேன். ஒவ்வொரு துணியா எடுத்து வெச்சுட்டு, என்னமோ முணுமுணுத்துட்டு, கடைசில ஸபாத்துன்னான். பேரை மறப்பனா நானு?"

காவேரி யோசித்தாள். துணி வைக்கும்போது யார் என்ன முணுமுணுப்பார்கள்? சட்டென்று தவித்திடம் திரும்பி, கன்னடத்தில் கேட்டாள். "அண்ணா, அன்றைக்கு எண்ணிய மாதிரியே இப்போதும் எண்ணிக் காட்டுங்கள்."

தவித் விரல்களை மடக்கினான். "அன்த், ஹுலெத், சோஸ்த், அராத், அம்மிஸ்த், ஸித்திஸ்த்..." ஏழாவது விரலில் வந்து நின்றான். "ஸபாத்."

"தாத்தா! அது பேர் இல்ல, ஏழு!"

"ஏழுக்குப் பேரு ஏழு" என்றார் அய்யாவு.

"அவங்க பாஷையில சொன்னாரு. சரி, நேத்து வந்தவரும் ஸபாத்துன்னேதான் சொன்னாரா?"

"முழுசாச் சொன்னாத்தானே! போன்ல யாருகிட்டயோ 'ஸப்ஆ, ஸப்ஆ'ன்னான். தன் கூட்டாளி பேரைக்கூட மென்னு முழுங்கறானுங்க. தூக்கிக் கொடுத்துப்போட்டேன்."

காவேரிக்கு ஹுதாவின் நினைவு வந்தது. அவளுடைய வகுப்புத் தோழி, ஏமன் நாட்டுக்காரி. கயிறு குதிக்கும்போது அரபியில்தான் எண்ணுவாள். 'ஸித்தா, ஸப்ஆ, தமானியா...' ஆறு, ஏழு, எட்டு! ஹுதாவுக்கு ஓர் அண்ணன்கூட இருக்கிறானே!

அவள் குனிந்து வண்டியின் அடித்தட்டைப் பார்த்தாள். "இந்த மூட்டை யாரோடது தாத்தா?"

"எனக்கென்ன தெரியும்? நான் இல்லாதப்ப சித்தம்மா வாங்கி வெச்சது."

சித்தம்மா அவர் மனைவி. பேர் கேட்கும் பழக்கமே அந்த அம்மாவுக்குக் கிடையாது. காவேரி மூட்டையைப் பிரித்து எண்ணினாள். சரியாக ஏழு துணி.

அடுத்த நிமிடம் அவள் சைக்கிள் தெருமுனையில் மறைந்தது.

பத்தரை மணிக்கு அவள் பின்னாலேயே ஓர் இளைஞன் மூட்டையோடு ஓடி வந்தான். ஹுதாவின் அண்ணன் நபீல். மூச்சு வாங்கச் சொன்னான்.

"எத்தனை துணி போட்டாய் என்று ஹுதா போனில் கேட்டாள். ஏழு என்றேன். உடனே அஜ்ஜா மூட்டையை நீட்டினார். நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை!"

தவித் மூட்டையைப் பிரித்து வெள்ளை உடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். பிறகு இருவரும் சிரித்துக்கொண்டே மாறி மாறி எண்ணினார்கள். நாலுக்கு அர்பஆ, அராத். ஐந்துக்கு கம்ஸா, அம்மிஸ்த்.

"ரெண்டும் சொந்தக்கார பாஷைங்க, தாத்தா" என்றாள் காவேரி. "நம்ம ஏழும் மஞ்சுநாத் மாமாவோட கன்னட ஏளுவும் மாதிரி."

"அவன் வாயில ழ நுழையாது, அதனால ஏளுங்கறான். அது வேற." அய்யாவு விடவில்லை. "எங்கே, ரெண்டுக்கு என்னன்னு கேளு!"

"இத்னான்" என்றான் நபீல்.

"ஹுலெத்" என்றான் தவித்.

"பாத்தியா! ரெண்டுலயே ஒத்துப்போகல. சொந்தக்காரங்களாம்!"

"சொந்தக்காரங்க எல்லாத்துலயும் ஒத்துப்போவாங்களா? அது கிடக்கட்டும். இந்த அண்ணனைத் திருட்டுப் பயன்னு சொன்னீங்களே?"

"அவன் காதுல விழுகல. விடு."

சொல்லிவிட்டு, வெள்ளை உடையை வெடுக்கென்று பிடுங்கினார். அது ஒரு மூலையில் கசங்கியிருந்தது. கரி இஸ்திரிப்பெட்டியை எடுத்து அழுத்தி ஓர் இழுப்பு இழுத்தார். மடிப்புக் கலையாமல் தவித்தின் கையில் வைத்தார்.

"நேரமாச்சு. ஓடு, ஸபாத்து!"

தவித் சிரித்துக்கொண்டே ஆட்டோவில் ஏறினான். காவேரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அய்யாவு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைப் பக்கம் நடந்தார். "ஏழாம்! ஏழுக்கு யாராச்சும் ஸபாத்துன்னு பேரு வெப்பாங்களா?"