வாயில் மட்டும் 'ங்க'

நவநீதன் கண்களை மூடியதும் எதிர்ச்சுவரில் படம் ஓடத் தொடங்கியது. விடுதியில் இருக்கும் பிள்ளையைத் தாயிடம் திருப்பிக் கொடுக்கலாமா என்பதற்கு நீதிமன்றம் இப்போதெல்லாம் சாட்சி கேட்பதில்லை. நலப்பணியாளர் அந்த வீட்டை எப்படிக் கற்பனை செய்கிறார் என்று, மனதில் ஓடுவதைச் சுவரில் காட்டும் உள்ளக்காட்டியில் பார்க்கும். அதை வைத்துத்தான் தீர்ப்பு. அடுத்தவர் வாழ்க்கைக்குள் புகுந்து பார்ப்பதில் நலப்பணியாளர்களில் நவநீதனை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று பேச்சு. அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

பக்கத்தில் பிலோமினா. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவள். கால் முறிந்து மருத்துவமனையில் கிடந்தபோது மகன் அருளை அரசு விடுதியில் சேர்த்துவிட்டார்கள். நாளை தீர்ப்பு. அதற்கு முன் படத்தைப் பார்த்து ஒப்புதல் தர வந்திருந்தாள்.

சுவரில் ஒரு சின்ன வீடு. கந்தல் சேலையில் ஒரு பிலோமினா கைகட்டி நின்றாள். அவள் எதிரே, படத்துக்குள் நாற்காலியில் சாய்ந்திருந்த நவநீதன் கேட்டான்: "என்னம்மா, பையன ஒழுங்கா பாத்துக்கிறியா நீ?"

"நிறுத்துங்க சார்" என்றாள் பிலோமினா. "இத்தன நாளா எங்கிட்ட 'நீங்க'ன்னுதான பேசினீங்க?"

"ஆமாங்க... அது வந்து..."

"வாயில மட்டும்தான் 'ங்க'வா?"

அவன் கூனிக் குறுகிப் போனான். இந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இதுவரை எத்தனை வீடுகளுக்குள் போயிருக்கிறோம் என்று நினைக்கவே வெட்கமாக இருந்தது.

"இதப் பாத்தா கோர்ட்டுல பிள்ளையக் குடுப்பாங்களா? வேற மாதிரி நெனைங்க சார்."

மறுபடி கண்களை மூடினான். இந்த முறை நாற்காலி இல்லை. வேலைச் சீருடையில் பிலோமினா சிரித்தாள். வார்த்தைக்கு வார்த்தை 'நீங்க'. அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. அப்போது சுவரில் அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விட்டாள்: "போனது போகட்டும். நீங்க ரொம்ப நல்லவரு சார்." அருள் ஓடிப்போய் அவனுக்குக் காபி கொண்டுவந்தான்.

அறையிலிருந்த பிலோமினாவின் கண்ணில் ஈரமே இல்லை.

"நான் எப்ப சார் உங்கள மன்னிச்சேன்?"

அவனால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"எங்க வீட்டுக்குள்ள நீங்க எதுக்கு? நானும் எம் பிள்ளையும் உக்காந்து சாப்பிடுறோம். அத மட்டும் நெனைங்க, போதும்."

அவன் கண்களை இறுக மூடினான். அவளும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரமாகியும் அதில் ஒன்றும் வரவில்லை.