பனிப்புயலில் ஈன்ற பசு

கன்று போட்டு ஒரு மணி நேரமாகியும் பசு திரும்பிப் பார்க்கவில்லை. ஈரத்தோடு நடுங்கிய கன்றும் தாயின் மடியைத் தேடாமல் கொட்டிலின் மறுகோடியில் சுவரோடு ஒட்டி நின்றது. ராபிகாவுக்கு அதுதான் முதலில் உறுத்தியது. அப்புறம்தான் பசுவின் பின்னால் கிடந்ததைப் பார்த்தாள். கருப்பை முழுவதும் வெளியே தள்ளியிருந்தது. மாவு மூட்டை அளவுக்கு வீங்கி, செக்கச்செவேலென்று, ஆவி பறக்க வைக்கோலில் கிடந்தது.

பட்டப்பகலிலேயே பனிப்புயல் புல்வெளியை மூடிவிட்டது. அக்தோபே நகரத்துக்குப் போன கணவன் அங்கேயே மாட்டிக்கொண்டான். மாட்டு டாக்டராலும் வர முடியவில்லை, போனில் கத்தினார்.

"எழுந்திருக்க விடாதீங்க! உள்ள ரத்தக்குழாய் அறுந்தா அஞ்சு நிமிஷத்துல போயிடும். கழுவி, சர்க்கரை தூவுங்க, வீக்கம் வடியும். விரலால குத்தாம உள்ளங்கையால தள்ளுங்க."

கணவனின் தம்பி தோக்தார் சட்டையைக் கழற்றினான். அவர்கள் வழக்கப்படி கொழுந்தன் பேரை அண்ணி சொல்லக் கூடாது; அவனை 'மீசை' என்றுதான் கூப்பிடுவாள்.

"எனக்கு டீயில ஒரு கரண்டி சர்க்கரை போடவே மூக்கால அழுவீங்க. மாட்டுக்கு மூட்டையோடயா, அண்ணி?"

"வாயை மூடிட்டுத் தள்ளு, மீசை."

சுத்தமான விரிப்பில் கருப்பையை ஏந்தி அவள் தூக்கிப் பிடிக்க, அவன் மண்டியிட்டு மடிப்பு மடிப்பாக உள்ளே தள்ளினான். ரத்தமும் சீம்பாலும் ஈர ரோமமும் கலந்த வாடை தொண்டையில் ஒட்டியது. தகரக் கூரையைக் காற்று பிறாண்டியது. ஒவ்வொரு தள்ளலுக்கும் பசு அடிவயிற்றிலிருந்து முனகியது. முழங்கை போயிற்று. தோள்வரை போயிற்று. கடைசி மடிப்பும் உள்ளே வழுக்கியது.

முனகல் நின்றது.

ராபிகா பசுவின் கண்ணைத் தொட்டாள். இமைக்கவில்லை. ஈறு வெளுத்திருந்தது.

"செத்துப்போச்சு, மீசை. கையை எடு."

"வரல."

"விளையாடாத."

"அண்ணி... உள்ள யாரோ என் விரலை எண்ணுறாங்க."

செத்த வயிறு இறுகியது. அவன் முகம் பசுவின் தொடையில் மோதியது. முழங்கை முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. அவன் அலறினான். அவள் அவன் இடுப்பைக் கட்டி, காலைப் பசுமேல் ஊன்றி இழுத்தாள். விடவில்லை. தொப்புள்கொடிக்கு வைத்த கத்தியை எடுத்துப் பசுவின் தோலைக் கிழித்தாள். கிழித்தாள். மறுபடி கிழித்தாள். சூடான ரத்தம் வாயில் அடித்தது.

சட்டென்று விட்டது. இருவரும் மல்லாந்து விழுந்தார்கள்.

அவனுக்கு வலது கை இல்லை. தோளிலிருந்து சுவருக்கு ரத்தம் பீய்ச்சியது. விரிப்பைச் சுருட்டி அழுத்தினாள். "என்னைப் பாரு! மீசை! பாரு!" அவன் அவளைப் பார்க்கவில்லை. பசுவைப் பார்த்தான்.

வயிறு மறுபடி இறுகியது. ஈனும்போது இறுகுவது போலவே.

பிய்ந்த தோள்முனை முதலில் வந்தது. முறிந்த முழங்கை. மணிக்கட்டு. கடைசியில் அவன் விரல்கள்.

அவற்றோடு கோத்துக்கொண்டு, ஈரமாக, புதிதாக, வேறு ஐந்து விரல்கள். அவற்றின் பின்னால் ஒரு மணிக்கட்டு. அதன் பின்னால், மெதுவாக, ஒரு முழங்கை வந்துகொண்டிருந்தது.