இடக்கை வெட்டு

"திருட்டுன்னா போலீஸுக்குப் போகலாமே?" என்றார் துப்பறிவாளர்.

"போனா சிரிப்பாங்க, சார். காணாமப் போனது தேன் அடை."

வந்தவனின் சட்டை கசங்கியிருந்தது. மனைவி இறந்தபின் அவன் இஸ்திரிப்பெட்டியைத் தொடவில்லை. கொல்லையில் அவள் வளர்த்த தேனீப் பெட்டியையும் தொடவில்லை. அவள் தேனை அடையோடு துண்டு போட்டுத் தெருமுனைக் கடைக்குக் கொடுத்துவந்தாள். இன்று காலை அதே கடையில் மறுபடியும் அதேபோல் தேன் அடைத் துண்டுகள். யார் கொடுத்தது என்று கேட்டால் கடைக்காரர் மழுப்பினார்.

"அப்போ கடைக்காரன்தான் திருடன்!" என்று குதித்தான் துப்பறிவாளரின் மச்சான்.

"அவசரத்துல அண்டாவுக்குள்ளகூட கை போகாது, மச்சான். முதல்ல பெட்டியைப் பார்ப்போம்."

புகை போட்டு மூடியைத் திறந்தார்கள். உள்ளே தொங்கிய மரச்சட்டங்களில் அடை அறுபட்டிருந்தது. ஒவ்வொன்றின் உச்சியிலும் இரண்டு விரல் அகலம் மிச்சம். ஓரத்துச் சட்டம் மட்டும் தேன் ததும்ப அப்படியே இருந்தது.

"பாதியில ஓடிட்டான்," என்றான் மச்சான், மூக்கில் கொட்டு வாங்கியபடி.

"திருடன்னா வழிச்சுல்ல எடுத்திருப்பான்? இது ஈக்குச் சாப்பாடு வெச்சுட்டுப் போன கை. மேல விட்டது, அதுங்க திரும்பக் கட்டுறதுக்கு. வெட்டு சாஞ்சிருக்கிற பக்கத்தைப் பாரு. இடக்கை."

"அவளுக்கும் இடக்கைதான், சார்," என்றான் அவன். "கடையில அந்த வெட்டைப் பார்த்ததும் ஒரு நிமிஷம்..."

அவன் தேனுக்காக வரவில்லை.

துப்பறிவாளர் மெதுவாக மூடியை வைத்தார். "அவங்களுக்கு இந்த வேலையைக் கத்துக்கொடுத்தது யாரு?"

"அவங்க அம்மா. பக்கத்துத் தெருதான். அடக்கம் முடிஞ்சப்புறம் பலதடவை வந்து கதவைத் தட்டினாங்க. நான் திறக்கலே."

"திருட்டுச் சரக்கை, சொந்தக்காரன் தினம் போற கடையிலயா விற்பாங்க? உங்க கண்ணுல படணும்னே வெச்சது, தம்பி."

சாயங்காலம் மூவரும் போனார்கள். மாமியார் இடக்கையால் தாழ்ப்பாளை நீக்கினாள். அவர்களைப் பார்த்ததும் எதையும் மறைக்கவில்லை.

"அடை நிறைஞ்சு இடமில்லேன்னா ஈ பிரிஞ்சு பறந்துடும், மாப்பிள்ளை. அவதான் போயிட்டா. இதுங்களாவது இருக்கட்டுமேன்னு, நீங்க வேலைக்குப் போன நேரமாப் பார்த்து வந்தேன்."

"கடையில எதுக்குக் கொடுத்தீங்க, அத்தை?"

"சண்டை போடவாவது வருவீங்கன்னுதான்."

மச்சான் ஏதோ கேட்க வாயெடுத்தான். துப்பறிவாளர் அவன் முழங்கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்துப்போனார்.

மருமகன் வாசலிலேயே நின்றான். பிறகு செருப்பைக் கழற்றினான்.