விண்செவியை நிறுத்த வந்தவள்

தேர்தல் அறிவித்தால் எங்கள் தூத்துக்குடியில் முதலில் விற்றுத் தீர்வது தாழ்ப்பாள்தான். வேட்பாளர் நம் வீட்டைத் தாண்டிப் போனால் நிம்மதி. உள்ளே வந்துவிட்டால் தொலைந்தது. போன முறை ஒரு வேட்பாளரைக் கண்டதும் எதிர்வீட்டுக்காரர் மாடியிலிருந்து கடலில் குதித்து மணப்பாடு வரை நீந்திப் போனார். கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன், திருச்செந்தூர் வரைதான்.

எல்லாம் முகம்பார் சட்டம் செய்த வேலை. நகரத்துக்கு மின்சாரம் அளவாகத்தான் கிடைக்கிறது. புதிதாக ஒன்று தருவேன் என்கிற வேட்பாளர், அதற்கான மின்பங்கை யாரிடமிருந்து எடுக்கப்போகிறாரோ அவர் வீட்டுக்கே போய், முகத்தைப் பார்த்துச் சொல்லியாக வேண்டும். வேட்பாளரின் கழுத்துப்பட்டியில் மிளகு அளவில் மெய்க்காது என்றொரு கருவி. பொய் சொன்னாலோ மழுப்பினாலோ ஊளையிடும், மனு தள்ளுபடி.

அதற்கு முந்தைய காலத்தில் நான் கட்சிகளுக்குப் பேச்சு எழுதிக் கொடுத்தவன். "இதற்கெல்லாம் எங்கிருந்து எடுப்பீர்கள்?" என்ற ஒரே கேள்விக்கு நாற்பதாயிரம் பதில் எழுதியிருக்கிறேன். "வீண்செலவைக் குறைப்போம்" என்ற ஒரே பதிலை ஐந்து கட்சிகளுக்கு ஒரே வாரத்தில் கொடுத்தேன். ஐந்துக்கும் கைதட்டல்.

இந்தத் தேர்தலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேட்பாளர் ரொசாரி மச்சாது என் கதவைத் தட்டினாள். முப்பத்தைந்து வயதிருக்கும். வெயிலில் கருவாடாகக் காய்ந்திருந்தாள்.

"அண்ணாச்சி, உள்ள வரலாமா?"

"வந்துட்டியே தாயி, உக்காரு. எங்கிட்டப் பிடுங்க என்ன இருக்கு, பல்லா? அதுவும் கட்டுனது."

அவள் சிரிக்கவில்லை. "துறைமுகத்து விண்செவி, அண்ணாச்சி. நான் ஜெயிச்சா அதை நிறுத்திருவேன்."

கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்தேன். என் மனைவி செண்பகக்கனி, விதைகளைப் பாதுகாக்கும் வேலையில் விண்கலம் ஏறிப் போய் ஒன்பது வருஷம். அந்தக் கலம் திரும்பாது. அவள் பேசினால் இங்கே வந்துசேர நாலு நாள் ஆகும். வெள்ளி ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் அந்தக் குரலைப் பிடித்துத் தருவது விண்செவிதான்.

"எதுக்கு நிறுத்துத?"

"பள்ளிக்கூடங்கள்ல குளிர்மாடம் கட்டணும், அதுக்குக் கரண்டு வேணும். போன கோடை வெக்கையில பதினாலு பிள்ளைங்க செத்துப் போயிட்டு. எங்க தெருவுல மட்டும் ரெண்டு."

எனக்கும் தெரியும். தெரிந்தும் கேட்டேன். "எங்கயாவது வீண்செலவைக் குறைச்சு விண்செவியைக் காப்பாத்துதேன்னு ஒரு வார்த்தை சொல்லேன். சும்மா, காதுக்கு."

அவள் கழுத்துப்பட்டியைத் தொட்டாள். "கத்திரும் அண்ணாச்சி."

"கழட்டி வச்சிட்டுச் சொல்லு."

"கழட்டுனாலும் பொய்தான அது."

அந்தக் காலத்தில் என் பேச்சுக்கு மைதானத்தில் கைதட்டியவர்களை ஏமாளிகள் என்றே நினைத்திருந்தேன். அவர்களும் இப்படித்தான், பொய் என்று தெரிந்தே கேட்டிருக்கிறார்கள்.

அவள் எழுந்தாள். "இரு," என்றேன். "ஆறாகப் போகுது. நீ எதை எடுக்கேன்னு கேட்டுட்டுப் போ."

ஆறு மணிக்கு, குரலாய் அறையெங்கும் செண்பகக்கனி வந்தாள். "ஏங்க, சாப்பிட்டீங்களா? இங்க ஒரு கூத்து. என் அவரைக்காயை யாரோ தினமும் திருடுதாங்கன்னு சொன்னேன்லா? பொறி வச்சிப் பிடிச்சிட்டேன். மாட்டுனது யாருன்னு நினைக்கீங்க? சொன்னா நம்ப மாட்டீங்க. ஐயோ, நேரமாயிட்டு. அடுத்த வெள்ளிக்கிழமை சொல்லுதேன்."

ரொசாரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓட்டு என்னைக்கு?"

"புதன்கிழமை."

"எப்ப நிறுத்துவ?"

"வியாழக்கிழமையே, அண்ணாச்சி. கோடை வந்துட்டு."

மெய்க்காது மூச்சுவிடவில்லை.

புதன்கிழமை ரொசாரிக்குத்தான் அழுத்தினேன். என் ஒரு ஓட்டில்தான் அவள் ஜெயித்தாள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேன். வித்தியாசம் எழுபதாயிரம். சொன்னபடி வியாழக்கிழமையே விண்செவியை நிறுத்தினாள். இந்தக் கோடையில் பிள்ளைகளில் ஒன்றுகூடச் சாகவில்லை. இதில் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

வெள்ளி ஆறு மணிக்கு இப்போது அவரைக்காய்த் திருடனை நானே மனசுக்குள் பிடிக்கிறேன். ஒரு வாரம் கலத்தின் தலைவர், ஒரு வாரம் மருத்துவர், ஒரு வாரம் மூன்று தலையுள்ள வேற்றுக்கோள் வெள்ளாடு. இதுவரை பதினேழு பேர். ஒருவனும் சரியில்லை. அவள் மீதியைச் சொல்லாமல் விடுகிறவள் இல்லை. சொல்லியிருப்பாள். அது நாலு நாள் பயணம் செய்து எங்கள் துறைமுகத்துக்கு மேலே வந்தும் இருக்கும்.